மாலை வேண்டாம், மனுப் போடுங்கள்

மலையகத்தில் ஒரு பிள்ளையைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனால் தாயும் தகப்பனும் முதலில் யாரிடம் ஓடுகிறார்கள்? ராகலையிலும் அட்டனிலும் பொகவந்தலாவையிலும் இதற்கு விடை ஒன்றே. தோட்டத்துத் தலைவரிடம் ஓடுகிறார்கள். அவர் மாவட்டப் பிரதிநிதிக்குச் சொல்கிறார். மாவட்டப் பிரதிநிதி கொழும்பிலிருக்கும் பெரியவருக்குச் சொல்கிறார். பெரியவர் மனம் வைத்தால் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போகிறது. பிள்ளை வீடு திரும்பினால் அடுத்த கூட்டத்தில் பெரியவர் கழுத்தில் ஒரு மாலை விழுகிறது. திரும்பாவிட்டால், "முயற்சி செய்தோம்" என்ற ஒரு சொல்லோடு கதை முடிகிறது.

இந்தச் சங்கிலியில் எந்த இடத்திலும் நீதிமன்றம் என்ற சொல் வருவதில்லை. இதை எழுதுவதன் நோக்கம் அதுபற்றிப் பேசுவதே. ஒருவரைச் சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்திருப்பவரை நோக்கி "ஆளைக் கொண்டு வா, எந்த அதிகாரத்தால் பிடித்தாய் என்று சொல்" எனக் கட்டளையிடும் ஆட்கொணர்வு எழுத்தாணை, இலங்கை மண்ணில் தன் மிகப் பெரிய வெற்றியை அடைந்தது ஒரு தேயிலைத் தோட்டத்துக் கதையில்தான். அந்தச் சொத்து இன்று மலையகத்தாரின் கையில் இல்லை. அதைக் கையில் கொடுக்க வேண்டியவர்கள் தொலைபேசியை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

முதலில் 1937 ஆம் ஆண்டுக்குப் போவோம். மார்க் அந்தனி லைஸ்டர் பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து 1936 இல் இலங்கைக்கு வந்தார். மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்தில் துரை வேலை பழக வந்தவர். தோட்டத்தில் தொழிலாளரோடு நெருங்கிப் பழகியதற்காக வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டியில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய கலந்துகொண்ட அதே மேடையில், துரைமாரின் பங்களா வாழ்க்கையையும் தொழிலாளரின் வாழ்க்கையையும் ஒப்பிட்டுப் பேசினார். ஒரு வெள்ளைக்காரர் தொழிலாளர் முன் நின்று வெள்ளைக்காரத் துரைமாரைக் குறைகூறுவதைத் தோட்ட முதலாளிகள் பொறுக்கவில்லை.

தேசாதிபதி சேர் றெஜினால்ட் ஸ்டப்ஸ் நாடு கடத்தும் கட்டளையில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 22 ஆம் திகதி கட்டளை பிரேஸ்கேர்டிலிடம் கொடுக்கப்பட்டது. 48 மணித்தியாலங்களுள் கப்பலேற வேண்டும் என்பது உத்தரவு. அவர் ஏறவில்லை, தலைமறைவானார். மே 5 ஆம் திகதி அரசாங்க சபை தேசாதிபதியின் செயலைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அன்று காலிமுகத்திடலில் கூடிய பெருங்கூட்டத்தின் மேடையிலே பிரேஸ்கேர்டில் வெளிப்பட்டார். ஓரிரு நாளில் பொலிஸார் அவரைப் பிடித்தனர். உடனே ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. புகழ்பெற்ற சட்டத்தரணி எச்.வி. பெரேரா அவருக்காக வாதாடினார்.

நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் விசாரித்தனர். தேசாதிபதி காட்டிய அதிகாரம் 1896 ஆம் ஆண்டின் ஓர் அரச கட்டளை. அந்தக் கட்டளை நெருக்கடி நிலைக்காக எழுதப்பட்டது, அமைதிக்காலத்தில் தமக்குப் பிடிக்காத ஒருவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றுவதற்காக எழுதப்பட்டதன்று என நீதிமன்றம் கண்டது. தேசாதிபதி கையெழுத்திட்டார் என்பதற்காக நீதிமன்றம் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை என்றும் கண்டது. மே 18 ஆம் திகதி பிரேஸ்கேர்டில் விடுதலையானார். பிரித்தானிய முடியின் பிரதிநிதி ஒருவர், பிரித்தானிய முடியே நியமித்த நீதியரசர்களின் முன் தோற்றார்.

இந்தக் கதையை மே தின மேடைகளில் ஆண்டுதோறும் கேட்கிறோம். கேட்பவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு விடயம் உண்டு. பிரேஸ்கேர்டில் இந்நாட்டில் பிறந்தவர் அல்லர். இங்கு வேர் கொண்டவரும் அல்லர். ஆட்கொணர்வு எழுத்தாணை அதையெல்லாம் கேட்கவில்லை. "இவர் யார்?" என்று அது கேட்பதில்லை. "இவரை எந்தச் சட்டத்தின்படி வைத்திருக்கிறாய்?" என்று காவலரையே கேட்கிறது.

இது மலையக மக்களுக்கு எத்தகைய பொருளுடையது என்று எண்ணிப் பாருங்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. நாடற்றோர் பிரச்சினைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் தேர்தல் வாயில் அடைபட்டிருந்தது. அரச உத்தியோக வாயில் அடைபட்டிருந்தது. காணி வாயிலும் அடைபட்டிருந்தது. ஆனால் நாடற்றவர் என்ற காரணத்துக்காக ஆட்கொணர்வு மனுவின் வாயில் சட்டத்தின் பார்வையில் அடைபடவில்லை. நாடற்றவனும் ஆள்தான். ஆள் என்றால் போதும், மனுப் போடலாம்.

அவ்வாறு திறந்திருந்த வாயிலை எத்தனை பேருக்குக் காட்டினோம்? போர்க்காலத்தில் கொழும்பில் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த மலையக இளைஞர்கள், தமிழர் என்ற ஒரே காரணத்துக்காகச் சுற்றிவளைப்புகளில் அள்ளிச் செல்லப்பட்டார்கள். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அமைச்சரின் கட்டளையில் மும்மூன்று மாதமாக 18 மாதங்கள் வரை ஒருவரை அடைத்து வைக்க முடிந்தது. தற்காலிகச் சட்டம் என்று கொண்டுவரப்பட்டு, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம் அது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் 18 மாதத்தை 12 மாதமாகக் குறைத்ததைப் பெரிய சீர்திருத்தம் என்று சொன்னார்கள்.

அக்காலத்தில் ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தகப்பன் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். மகன் கொழும்பில் ஒரு கடையில் நின்றவன். பிடிபட்டு ஐந்து மாதம். தகப்பனின் கையில் பிளாஸ்டிக் உறையில் மூன்று கடிதங்கள் இருந்தன. ஒன்று தோட்டத்துத் தலைவர் கொடுத்தது. ஒன்று கோயில் கமிட்டி கொடுத்தது. மூன்றாவது ஒரு தொழிற்சங்கத்தின் கடிதத்தாளில், மகன் நல்லவன் என்று சான்று கூறுவது. அவர் என்னிடம் செய்தி போடச் சொல்லவில்லை. "ஐயா, பெரியவங்க காதுல ஒரு வார்த்தை போட்டு வைங்க" என்றுதான் கேட்டார். மனுத் தாக்கல் செய்தீர்களா என்று கேட்டேன். அந்தச் சொல்லை அதற்கு முன் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. தமக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். அதைப் பத்திரமாக உறைக்குள் நான்காவது கடிதமாக வைத்துக்கொண்டார். ஊருக்குப் போனபோது, வழக்கு என்று போனால் பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று சொல்லித் தடுத்துவிட்டார்களாம். மகன் பதினொரு மாதங்களின் பின் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் வெளியே வந்தான். அந்தக் குடும்பம் சங்கக் கூட்டத்தில் பெரியவருக்கு மாலை போட்டது.

குற்றமே சாட்டப்படாத ஒருவனின் பதினொரு மாதம் யாருடைய கணக்கில் எழுதப்பட்டது? யாருடைய கணக்கிலும் இல்லை. எந்த நீதிபதியும் கேட்கவில்லை. எந்த அதிகாரியும் சத்தியக் கடதாசி கொடுக்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இருப்பது ஒரு மாலையும் ஒரு நன்றிக்கடனும் மட்டுமே. அந்த நன்றிக்கடன் அடுத்த தேர்தலில் வாக்காகவும் மாதந்தோறும் சந்தாவாகவும் வசூலாகிறது. உரிமையாகக் கிடைக்க வேண்டிய விடுதலையை உபகாரமாக மாற்றி விற்பது இதுதான்.

சட்டம் எட்டாத தூரத்தில் இருக்கிறது என்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, உறுப்புரை 141 இல், இந்த அதிகாரத்தைக் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. பின்னர் 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் உறுப்புரை 154த இன் மூலம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் அதைக் கொடுத்தது. (தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்ப வேண்டாம்: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பது உங்கள் உச்ச நீதிமன்றம், மேல் நீதிமன்றம் என்பது மாகாணத்தில் இருப்பது.) மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருப்பவருக்காக அந்த மாகாணத்தின் மேல் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம்.

13 ஆவது திருத்தம் என்றதும் நம்மவர்கள் பொலிஸ் அதிகாரத்தையும் காணி அதிகாரத்தையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அவை இரண்டும் வரவில்லை. ஆனால் வந்துவிட்ட ஒன்று இருக்கிறது. ராகலையிலோ வலப்பனையிலோ ஒருவன் அடைபட்டிருந்தால் அவனுக்காக மத்திய மாகாணத்துக்குள்ளேயே கதவைத் தட்டலாம் என்பது வந்துவிட்டது. மனுவைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கவும் அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை இடமளிக்கிறது. வந்ததைப் பயன்படுத்தாமல் வராததற்காக மேடை போடுகிறவர்களை என்னவென்று சொல்வது?

மனுப் போட்டால் நடப்பது என்ன? தடுத்து வைத்திருப்பவர் எனக் கூறப்படும் அதிகாரி நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். "இருக்கிறார், இன்ன சட்டத்தின்படி வைத்திருக்கிறேன்" என்றால் அந்தச் சட்டத்தை நீதிமன்றம் பார்க்கும். "இருந்தார், விட்டுவிட்டேன்" என்றால் எப்போது, யாரிடம் என்ற கேள்வி வரும். "என்னிடம் இல்லவே இல்லை" என்றால் சாட்சிகளை அழைத்து உண்மையைத் தேடும். அருகிலுள்ள நீதவானிடம் அனுப்பி விசாரித்து அறிக்கை தரும்படியும் பணிக்கலாம். எதைச் சொன்னாலும் அது எழுத்தில் பதிகிறது. தொலைபேசியில் பேசிய பேச்சு எதிலும் பதிவதில்லை. அதனால்தான் சில அதிகாரிகளுக்குத் தொலைபேசி பிடிக்கிறது. அதனால்தான் சில தலைவர்களுக்கும் பிடிக்கிறது.

"தொலைபேசி விரைவானது, வழக்கு இழுபடும்" என்று மறுமொழி வரும். இதில் உண்மை உண்டு. 2009 மே மாதம் முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் 2013 முதல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தன. விசாரணைக்காக முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். 2022 டிசம்பரில்தான் வவுனியா மேல் நீதிமன்றம் அவற்றுள் சில மனுக்களில் இராணுவத்தைப் பொறுப்பாளியாகக் கண்டு, ஆட்களை முன்னிலைப்படுத்தும்படி கட்டளையிட்டது. ஒன்பது ஆண்டுகள்! இந்தத் தாமதத்துக்கு நியாயம் கற்பிக்க நான் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் ஒன்பது ஆண்டு அலைந்து பெற்றது, எந்த அமைச்சரின் தொலைபேசியும் பெற்றுத் தராத ஒன்று. "எங்களிடம் இல்லை" என்று அரசு சொன்னதை ஒரு நீதிபதி ஏற்க மறுத்தார் என்பது ஏட்டில் ஏறிவிட்டது. இனி எந்த அரசு வந்தாலும் அதை அழிக்க முடியாது.

தெற்கிலும் இப்படி ஒன்று நடந்தது. 1989 இல், ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில், திக்குவல்லைப் பொலிஸார் பிடித்துச் சென்ற மூன்று சிங்கள இளைஞர்கள் திரும்பவில்லை. பொலிஸார் மறுத்தார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் 1994 இல் அந்த மறுப்பை நிராகரித்தது; ஒவ்வோர் இளைஞருக்காகவும் ஓர் இலட்சம் ரூபா செலுத்தும்படி பொறுப்பான அதிகாரிக்குக் கட்டளையிட்டது. பிள்ளைகள் வரவில்லை. ஆனால் பொய் பொய்யென்று தீர்ப்பாயிற்று. அந்தக் குடும்பங்களும் ஏழைக் குடும்பங்களே.

கடல் கடந்தும் பாருங்கள். இந்திய நெருக்கடி நிலையின்போது ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கைதிகளின் மனுக்களை ஏற்றன. 1976 ஏப்ரல் 28 இல் உச்ச நீதிமன்றம், நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், அந்த வாயிலை மூடியது. மூடாதே என்ற ஒற்றைக் குரல் நீதியரசர் எச்.ஆர். கன்னாவினுடையது, தலைமை நீதியரசர் பதவி அவருக்குக் கிடைக்காமற் போயிற்று. 2017 இல் ஒன்பது நீதியரசர்கள் கூடி அந்தத் தீர்ப்பைத் தூக்கியெறிந்தார்கள். கேரளத்தில் ஈச்சர வாரியர் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், 1976 மார்ச்சில் பிடித்துச் செல்லப்பட்ட தம் மகன் ராஜனுக்காக முதலில் நம்மவர்களைப் போலவே பெரியவர்களின் வாசல்களில் நின்றார். ஒரு பயனும் இல்லை. நெருக்கடி நிலை நீங்கியதும் 1977 இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். சில கிழமைகளில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. ஓராண்டு வாசல்களில் நின்று கிடைக்காத பதிலை ஒரு மனு வெளியே இழுத்தது.

மனுவால் எல்லாவற்றையும் தடுக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. 2023 மே மாதம், பதுளையைச் சேர்ந்த ஒரு தாய், கொழும்பில் வீட்டு வேலை செய்தவர், திருட்டுப் புகாரின் பேரில் அழைத்துச் செல்லப்பட்டு வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்த நிலையில் உயிரிழந்தார். சில மணித்தியாலங்களில் முடிந்துவிட்ட கதை. எந்த மேல் நீதிமன்றமும் அந்த நேரத்துக்குள் கூடியிருக்க முடியாது. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தச் சொல்கிறது. அந்த 24 மணித்தியாலமே சிலருக்கு நீண்டுவிடுகிறது.

ஆயினும் ஒன்றைக் கேட்கிறேன். மலையகத்துப் பெண் ஒருத்தியைக் கூண்டில் அடைக்கும் அதிகாரியின் மனத்தில் என்ன கணக்கு ஓடுகிறது? "இவளுக்காக யார் வரப் போகிறார்கள்? வந்தால் ஒரு தொலைபேசி வரும், சமாளித்துக்கொள்ளலாம்" என்பதுதான். தோட்டத்து ஆளைத் தொட்டால் அடுத்த நாள் சட்டத்தரணி வருவார், அந்தக் கிழமையே மனு வரும், தன் பெயர் எதிராளியாக எழுதப்படும் என்ற அச்சம் அவருக்கு இருக்குமானால் கை சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கம் ஒரு மனுவால் வராது. ஒவ்வொரு முறையும் மனு வரும் என்ற வழக்கத்தால் வரும். வசதி படைத்தவர்களைப் பிடிக்கும்போது அதிகாரிகள் தாமாகவே சட்டப் புத்தகத்தைத் திறப்பது அந்த வழக்கத்தால்தான்.

பணம் எங்கே என்பார்கள். நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சம்பளத்திலிருந்து சங்கச் சந்தா மாதந்தோறும் சங்கத்துக்குப் போகிறது. அந்தப் பணத்தில் கட்டடம் எழுகிறது, வாகனம் ஓடுகிறது, பிறந்தநாள் சுவரொட்டி ஒட்டப்படுகிறது. மாவட்டத்துக்கு ஒரு சட்டத்தரணியை அமர்த்த மட்டும் பணம் போதாதா? 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு ஒன்று ஏழைகளுக்காகவே இருக்கிறது. எத்தனை தோட்டத்துத் தலைவர்கள் ஒரு தாயை அங்கே அழைத்துப் போயிருக்கிறார்கள்?

நான் கேட்பது பெரிய புரட்சி அன்று. சங்கங்கள் தமிழில் ஒரு பக்க மாதிரி மனுவை அச்சிட்டுத் தோட்டத்துத் தலைவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கட்டும். ஒருவரைப் பிடித்தால் நேரம், இடம், வாகன இலக்கம், எந்த நிலையம், பார்த்தவர் யார் என்ற ஐந்தையும் அன்றே எழுதி வைக்கப் பழக்கட்டும். மனுவுக்கு உயிர் அந்த ஐந்தில்தான் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பொறுப்பதிகாரியோடு பேசட்டும், தடுக்கவில்லை. ஆனால் 24 மணித்தியாலம் கழிந்த பின்னும் ஆள் நீதவான் முன் வரவில்லையென்றால் பேச்சை நிறுத்திவிட்டு மனுவில் கையெழுத்து வாங்கட்டும். வெளிநாடுகளில் வாழும் மலையகத் தமிழர்கள் கோயில் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு அனுப்பட்டும். பத்திரிகைக்காரத் தம்பிமார், "தலைவர் தலையிட்டு விடுவிப்பு" என்று தலைப்புப் போடுவதை விட்டு, ஏன் பிடித்தார்கள் என்று கேட்டு எழுதட்டும்.

1937 இல் துரை வேலை பழக வந்த ஒரு வெள்ளைக்காரர், தோட்டத் தொழிலாளருக்காகப் பேசியதற்காகப் பிடிபட்டு, தேசாதிபதியையே நீதிமன்றத்தில் தோற்கடித்தார். அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் ஒரு பொறுப்பதிகாரியிடம் பிள்ளையை மீட்க இன்னும் சிபாரிசுக் கடிதத்தோடு நிற்கிறார்கள். அந்தக் கடிதத்தைக் கொடுப்பவர்களிடம், அடுத்த முறை கடிதத்துக்குப் பதிலாகச் சத்தியக் கடதாசி எழுதித் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால் அவர் யாருக்குத் தலைவர் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.